ஆறடிச் செடிக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் பின்வாசலிலிருந்து இருபத்திரண்டு அடி தூரத்தில் குடியிருக்கும் அண்ணன் எழுதிக்கொள்வது. முழங்கால் ஒன்றைத் தவிர நான் இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்பதை உங்கள் பட்டறையில் மரம் அறுக்கும் மிஷினின் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். காலை எட்டு பத்துக்கு அது ஆரம்பித்துவிட்டால் அன்றைக்கு உங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று பொருள். போன செவ்வாய்க்கிழமை பத்தரை வரைக்கும் சத்தமே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்துவிட்டேன். அப்போது பார்த்து மிஷின் ஓட ஆரம்பித்ததால் அப்படியே திரும்பிப் போனேன். தினமும் காலை ஆறு மணிக்கு உங்கள் தண்ணீர் மோட்டார் ஓடுவதும் கேட்கிறது. கதவு ஜன்னல் செய்கிற இடத்தில் அந்த நேரத்துக்கு எதற்கு அவ்வளவு தண்ணீர் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

இருபத்திரண்டு அடிக்கு ஒரு கடிதமா என்று நீ கேட்பாய். நேரில் வரலாம் என்றால் நம் இரண்டு வீடும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவை. என் வாசல் ஒரு தெருவில், உன் வாசல் அடுத்த தெருவில். சுற்றி வர என் முழங்காலுக்கு அரை மணி நேரம் ஆகும். அது கூடப் பரவாயில்லை, வந்த பிறகு நீ கதவைத் திறப்பாயா என்பதுதான் கேள்வி. போன் செய்யலாம் என்றால், அதையும் செய்துதான் பார்த்தேன். சென்ற மாதம் இரண்டு தடவை "ஹலோ, யாரு பேசறது" என்று கேட்டுவிட்டு நீ வைத்தாயே, அந்த யாரோ நான்தான். பதில் சொல்ல நினைத்தேன். உன் குரலைக் கேட்டதும் என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துவிட்டது.

ஆபீஸ் வழக்கப்படி முன்விவரம் எழுதாமல் எனக்குப் பேனா ஓடாது. இருபது மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளை புது மிஷின் வாங்கினார். பட்டறை லைசென்சை மாற்றி எழுத, பின்னால் குடியிருப்பவருக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கையெழுத்து வேண்டும். பின்னால் குடியிருப்பவன் உன் கூடப்பிறந்தவன். நீ மதில் மேல் காகிதத்தை வைத்து, "படிக்க வேணாம்ண்ணா, போட்டுக் குடுங்க" என்றாய். வேறு எந்த அண்ணனாக இருந்தாலும் போட்டுக் கொடுத்திருப்பான். முப்பத்தொரு வருடம் நகரமைப்புப் பிரிவில் கோப்பு எழுதிய கை இது. "ஆட்சேபணை இல்லை" என்று எழுதியதோடு நிற்காமல், "எனினும் விதி 14-ன்படி குடியிருப்புக்கும் தொழிற்கூடத்துக்கும் நடுவே பசுமைத் தடுப்பு இல்லாதது கவனிக்கத்தக்கது" என்று அதுவாகவே எழுதிவிட்டது. எழுதிவிட்டு அடிக்கோடும் போட்டது. நீ படிக்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். உனக்கும் எனக்கும் சேர்த்து அன்றைக்கு ஒருவர் படித்திருக்க வேண்டும்.

பிறகு நடந்ததெல்லாம் விதிப்படிதான் நடந்தது. நம் நடுவில் இருந்த நாலடி மதிலை இடித்தார்கள். என் பக்கம் மூன்றடி, உன் பக்கம் மூன்றடி, இரண்டு வரிசையாக வேலிச் செடி, என் வரிசையில் பத்தொன்பது, உன் வரிசையில் பத்தொன்பது. அவரவர் வரிசைக்கு அவரவர் பொறுப்பு. அந்த மதில்மேல் நீ டம்ளர் வைத்து வைத்து வட்டமாகக் கறை பிடித்த ஒரு கல் இருந்தது. அதையும் லாரியில் அள்ளிப் போட்டார்கள். நீ பின்வாசலில் நின்றுகொண்டு, "உங்களுக்கு எங்க சத்தம் வேணாம்னா, எங்க மூஞ்சியும் வேணாம்தானே" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாய். நான் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, விதியைப் பற்றித்தான் எழுதினேன். அந்த வித்தியாசத்தை உன்னிடம் விளக்குவதற்குள் செடி இடுப்பளவு வந்துவிட்டது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன், உனக்கு மட்டும். அந்த விதி 14-ஐ எழுதியதே நான்தான். பெரிய அதிகாரி முதலில் சொன்ன வாசகம், "எதிர்ப்பக்கத்தை ஓரளவு மறைக்கும்படி" என்பது. ஓரளவு என்றால் எந்த அளவு என்று நான்தான் கேட்டேன். அதை அடித்துவிட்டு, "ஆறடி உயரத்துக்குக் குறையாமல், இலையூடே எதிர்ப்பக்கம் தெரியாத அளவுக்கு" என்று எழுதினேன். அன்றைக்கு எல்லாரும் பாராட்டினார்கள். இப்போது தினமும் காலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் வாசகத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இலையை விலக்கிப் பார்த்தால் அடுத்த வரிசை இலை தெரிகிறது. நேற்று நீலமாக ஏதோ ஒன்று கடந்து போனது. நீயா, தார்ப்பாயா என்று தெரியவில்லை. தார்ப்பாயாக இருந்தால் அவ்வளவு வேகமாக நடக்காது என்று தேற்றிக்கொண்டேன்.

சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதே. இந்தச் செடியை எடுக்க நான் படாத பாடு இல்லை. முதலில் ஆபீசுக்கே போனேன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் நான் வேலை பழக்கிய ஆள்தான். எழுந்து நின்று வணக்கம் சொன்னார், தேநீர் வரவழைத்தார், என் மனுவை இரண்டு தடவை படித்தார். "சார், நீங்க சொல்லிக் குடுத்ததுதானே, மனு குடுக்கறவர் யாருன்னு பாக்கக் கூடாது, மனுவைப் பாக்கணும்னு. மனுவைப் பாத்தேன். தள்ளுபடி சார்" என்றார். நன்றாகத்தான் பழக்கியிருக்கிறேன்.

அடுத்து ஒரு யோசனை வந்தது. வீட்டுக்கும் தொழிற்கூடத்துக்கும் நடுவில்தானே தடுப்பு வேண்டும்? என் வீடும் ஒரு கடையாகிவிட்டால்? இரண்டு பக்கமும் வியாபாரம், நடுவில் செடிக்கு வேலையில்லை. முன்னறையில் இருந்த கட்டிலைத் தள்ளிவிட்டு மேஜை போட்டு, "இங்கு மனுக்கள் எழுதித் தரப்படும்" என்று ஒரு பலகை மாட்டினேன். முதல் நாளே ஒரு வாடிக்கையாளர் வந்தார். என் இடப்பக்கத்து வீட்டில் இருக்கிறாரே, ரிட்டையரான தலைமையாசிரியை, அவரேதான். உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஒரு புகார் எழுதணும். குடியிருக்கிற தெருவுல ஒருத்தர் திடீர்னு கடை வெச்சுட்டார்" என்றார். யார் என்று கேட்டேன். "நீங்கதான்" என்றார். தொழில் என்று வந்துவிட்டால் பாரபட்சம் கூடாது. விதி எண், உட்பிரிவு எல்லாம் போட்டு ஒன்றரைப் பக்கத்துக்கு என் மீது எழுதிக் கொடுத்தேன். ஒற்றுப்பிழை இருந்தால் சொல்லுங்கள் என்றேன், தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்.

நான்காம் நாள், நான் வேலை பழக்கிய அந்த அதிகாரியே நேரில் வந்துவிட்டார். என் வாழ்நாளில் நான் எழுதிய எந்த மனுவும் இவ்வளவு சீக்கிரம் பலித்ததில்லை. "சார், கடையாவே இருக்கட்டும், தப்பில்ல. பட்டறைப் பக்கம் இருக்கற செடிய எடுத்துடலாம்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "ஆனா இடப்பக்கம் டீச்சரம்மா வீடு, வலப்பக்கமும் வீடு. ரெண்டு பக்கமும் ஆறடி அகலத்துக்குத் தடுப்பு வெச்சாகணும். உங்க மனைல அது போக மிச்சம் பாத்தா" என்று கணக்குப் போட்டார். மிச்சம் ஒரு நடைபாதையும் பாதிச் சமையலறையும் வந்தது. பலகையைக் கழற்றிவிட்டேன். அது இப்போது அரிசி டின்னுக்கு மூடி.

கடைசியாகத்தான் நானே எழுதிவைத்த விலக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு வரிசையில் மூன்றில் ஒரு பங்குச் செடி பட்டுப்போனால் அந்த நிலம் செடிக்கு ஏற்றதல்ல என்று கொண்டு, தடுப்புக்குப் பதிலாக நாலடி மதில் கட்டிக்கொள்ளலாம். நாலடி. நம் பழைய மதில் உயரம். பத்தொன்பதில் ஏழு செத்தால் போதும். அன்றைக்கே தண்ணீரை நிறுத்தினேன். உயிருள்ளதை வாடவிடுவது பாவம்தான், ஏழுதானே என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். ஐந்து மாதம் ஒரு சொட்டு ஊற்றவில்லை. வெயில் கொளுத்தியது, என் வாசலில் இருந்த புல்கூடக் கருகியது. இந்தச் செடிகள் மட்டும் தளதளவென்று கொழுத்தன. சோப்புத் தண்ணீரை ஊற்றினேன், புதுத் துளிர் விட்டது. போன வாரம் அதிகாரி எண்ணிப் பார்க்க வந்தார். பத்தொன்பதும் உயிரோடு இருந்தன. வந்தவர் சும்மா போகவில்லை. "இப்படி ஒரு பராமரிப்ப எங்கயுமே பாக்கல சார்" என்று என்னைச் செடிக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்து, "முன்மாதிரித் தடுப்பு" என்று ஆபீஸ் பலகையில் ஒட்டிவிட்டார். படத்தில் நான் அழுகிற மாதிரி இருக்கிறேன், மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. உன் அண்ணி போன பிறகு நான்கு வருடம் நான் தெம்பாக இருந்ததற்கு அந்த மதில்தான் காரணம். காலையில் நீ டம்ளரோடு வருவாய். பட்டறையில் யார் வேலைக்கு வரவில்லை, எந்தக் கதவு எந்த வீட்டு நிலையில் பொருந்தவில்லை, மாப்பிள்ளைக்கு எந்தக் காது கேட்கவில்லை என்று கால் மணி நேரம் சொல்வாய். நான் ஒன்றும் பெரிதாகப் பதில் சொன்னதில்லை, "உம்" கொட்டியதோடு சரி. அந்தக் கால் மணி நேரத்தை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவேன். காயப்போட்ட என் சட்டையில் உங்கள் மரத்தூள் படிகிறது என்று எவ்வளவு தடவை கத்தியிருக்கிறேன். இப்போது சட்டை சுத்தமாக இருக்கிறது. எடுத்து உதறும்போது ஒன்றும் விழுவதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நீயும் உன் வரிசைக்குத் தண்ணீரை நிறுத்திவிடு. எந்த வரிசையில் ஏழு போனாலும் விதிக்குச் சரிதான். பட்டுப்போனதும் கூட்டு மனு போடுவோம். மனுவின் நகல் இத்துடன் இருக்கிறது, நீ கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு. இந்தத் தடவை தயவுசெய்து படித்துப் பார்த்துவிட்டுப் போடு.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். கேட்கிற காதில் சொல். நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல், மிஷின் நிற்காமல், கதவெல்லாம் நிலையில் பொருந்தி, நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மேல் எந்த ஆட்சேபணையும் இல்லாத
அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதிய வேண்டுகோளை அடித்துவிட்டதாக எடுத்துக்கொள். நேற்று எழுதி முடித்துவிட்டு, இன்று காலை ஆறு மணிக்கு, செடி ஒன்றாவது வாடியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். உங்கள் மோட்டார் ஓடியது. இலைக்குள்ளிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து என் காலை நனைத்தது. அதன் பின்னால் உன் குரல். "இன்னும் தள்ளிக் காட்டுங்க, அண்ணன் வரிசைக்குப் போய்ச் சேரட்டும். அவர் ஆசைப்பட்டு வெச்சது. முழங்கால் வலியில தண்ணி ஊத்த முடியல போலிருக்கு. ஒண்ணு பட்டுப்போனாலும் மனுஷர் ஒடிஞ்சு போயிடுவார்." மாப்பிள்ளை, "நம்ம வரிசை வாடுதே" என்றார். "நம்மது போனா போகுது" என்றாய்.

நான் அங்கேயே நின்றேன். "உம்" கொட்டலாம் என்று நினைத்தேன், அதுகூட வரவில்லை. நீ ஐந்து மாதமாகக் காப்பாற்றிய செடியை இனி எப்படிச் சாகவிடுவது? இருக்கட்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு, கோடியிலிருந்து மூன்றாவது செடிக்கு நடுவே தோள் வரைக்கும் கையை விட்டு நீட்டுகிறேன். பயப்படாதே, கை என்னுடையதுதான். கடிதத்தை வாங்கிக்கொண்டு கையை உடனே விட்டுவிடாதே. எதிர்ப்பக்கம் தெரியக்கூடாது என்றுதான் விதியில் இருக்கிறது. கை நீட்டக்கூடாது என்றோ, பேசக்கூடாது என்றோ எந்த உட்பிரிவிலும் இல்லை, எழுதியவன் சொல்கிறேன். டம்ளரையும் எடுத்துக்கொண்டு வா.