படம் வந்துருச்சா, கோரல்?

சனிக்கிழமை ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, இறுதிப் போட்டி. ட்ரெவருக்குப் பிடித்த அணி எத்தனையோ வருஷம் கழித்து இறுதிக்கு வந்திருந்தது. அதைத் தன் கேரவனில், தன் டிவியில், தன் டிஷ்ஷை வைத்துத்தான் பார்ப்பது என்று அவர் சபதம் எடுத்துவிட்டார்.

"ஏங்க, ஹாக்கர் ஊர்ல பப் இருக்கு. அங்கே சுவரளவு டிவி இருக்கு. போய்ப் பார்த்துட்டு வரலாமே?" என்றாள் அவர் மனைவி கோரல்.

"என் டிவியை வச்சிக்கிட்டு எவனோட டிவியையோ நான் ஏன் பார்க்கணும்?"

அறுபத்தெட்டு வயதில் வீட்டை விற்று, கேரவன் வாங்கி, மூன்று வருஷமாக நாட்டைச் சுற்றுகிற மனிதர் அவர். வீடு வேண்டாம், தெரு வேண்டாம், புல்வெட்டும் வேலை வேண்டவே வேண்டாம். ஆனால் டிவி வேண்டும். அதற்காகத்தான் மூன்று கால் ஸ்டாண்டும் டிஷ்ஷும் கூடவே பயணம் செய்தன. கோரலின் தையல் மெஷினுக்குக்கூட வண்டியில் இடம் கிடைக்கவில்லை.

அப்போது அவர்கள் பாராசில்னா பக்கத்தில், வறண்ட ஓடைக்கரையில் நிறுத்தியிருந்தார்கள். ட்ரெவர் டிஷ்ஷைத் தூக்கி வந்து ஈசானி மூலையைப் பார்க்க நிறுத்தினார். கோரல் உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

டிஷ் திருப்புவதில் ஒரு சங்கடம் உண்டு. திருப்புகிறவனுக்குப் படம் தெரியாது. படம் பார்க்கிறவளுக்குத் திருப்பத் தெரியாது. நடுவில் ஒரு தகரச் சுவர். கல்யாணமும் ஏறக்குறைய அப்படித்தான்.

"வந்துச்சா?"

"இல்லை."

"இப்போ?"

"இல்லை."

"இப்போ?"

"வந்த மாதிரி இருந்துச்சு."

"மாதிரின்னா என்னா?"

"வந்துச்சு. நீங்க 'வந்துச்சா'ன்னு கத்தினீங்க. பயந்து போயிருச்சு."

ட்ரெவர் உள்ளே ஓடி வந்து பார்த்தார். திரை முழுக்க நீலம். நடுவில் வெள்ளை எழுத்தில் 'சிக்னல் இல்லை'. அவர் வெளியே போய் மரத்தை முறைத்தார். ஓடைக்கரை யூகலிப்டஸ் மரம், நாலு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத பருமன்.

"மரம்தான் மறைக்குது. வெட்டவெளியா ஒரு இடத்துக்குப் போவோம்."

"நீங்க சொன்னா சரிதான்," என்றாள் கோரல். நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் இந்த வாக்கியத்தை அவள் மொத்தம் மூன்று தடவைதான் சொல்லியிருப்பாள். ட்ரெவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

ஹாக்கரில் திடலில் நிறுத்தினார்கள். சுற்றிலும் ஒரு செடி கிடையாது. பக்கத்துக் கேரவனில் வால்ட்டர் என்று ஒரு தனி ஆள். அவரிடமும் அதே மாதிரி டிஷ்தான். அவர் டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணின் பல் வரிசை வாசல்வரை பளிச்சென்று தெரிந்தது.

ட்ரெவர் போய் வால்ட்டரின் டிஷ்ஷைப் பார்த்துப் பார்த்துத் தன்னுடையதைத் திருப்பினார். அதே சாய்வு, அதே திசை. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வானத்தைப் பார்த்து நின்றன.

"வந்துச்சா?"

"இல்லைங்க."

"அவருக்கு வருதே!"

"அவர் டிஷ் கொஞ்சம் பெரிசு."

"ரெண்டும் ஒரே அளவுடி!"

"அப்போ அவர் கொஞ்சம் பொறுமைசாலி."

வால்ட்டர் எழுந்து வந்தார். "நான் வேணா உள்ளே வந்து ஒரு பார்வை பார்க்கட்டுமா?"

ட்ரெவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வேணாம். என் டிஷ்ஷை எனக்குத் தெரியும்."

ஆனாலும் வால்ட்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். கோரல் அவர் கையில் ஒரு பெரிய துண்டு பழக்கேக்கை வைத்து, காதோரம் ஏதோ சொன்னாள். கேக்கைத் தின்றுகொண்டே வெளியே வந்தவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் ட்ரெவர்.

"கேக் பிரமாதம். உங்க டிஷ் விஷயம் என் அறிவுக்கு எட்டாதது," என்று சொல்லிவிட்டு வால்ட்டர் தன் கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் முழுக்க ட்ரெவர் டிஷ்ஷோடு மல்லுக்கட்டினார். ஸ்டாண்டுக்குக் கீழே கல் வைத்தார். வயரைத் துடைத்தார். எதுவும் நடக்கவில்லை.

"மூணு வருஷமா நீங்கதான் படம் காட்டறீங்க. டிவி காட்ட மாட்டேங்குது," என்றாள் கோரல். "கேரியட்டன் பக்கம் போவோம். அங்கே மேடு ஜாஸ்தி."

ட்ரெவர் நிமிர்ந்தார். "அந்த ரோட்டைப் பிடிச்சு நேரே போனா ஒரரூ."

"ஆமா."

"ஒரரூக்கு முன்னாடி நெவில் வீடு."

"வீட்டைத் தாண்டித்தானே ரோடு போகுது? வீட்டுக்குள்ளேயா போகுது?"

நெவில் அவருடைய தம்பி. ட்ரெவர் வீட்டை விற்ற அன்று, அத்தனை பேர் முன்னால் அவன் ஒரு வார்த்தை சொன்னான். "எழுவது வயசுல யாராச்சும் தகர டப்பாவுல குடியிருப்பாங்களா? எழுதி வச்சுக்கோ அண்ணே, ஒருநாள் நீ இந்த டப்பாவை என் வீட்டு வாசல்ல கொண்டுவந்துதான் நிறுத்துவே." ட்ரெவர் பதிலுக்கு, கடலுக்குள் நிறுத்தினாலும் நிறுத்துவேனே தவிர உன் வாசலில் நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பியவர்தான். அதற்கப்புறம் அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லை. சின்ன வயதில் தங்கள் அணியின் ஒரே கழுத்துத்துணியை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு மழையில் நனைந்தபடி ஆட்டம் பார்த்தவர்கள்.

கேரியட்டனிலும் படம் வரவில்லை. சனிக்கிழமை காலை ஆகிவிட்டது. ட்ரெவரின் மூக்கு வெயிலில் தோலுரிந்து போயிருந்தது. தொண்டை கட்டிவிட்டது. ஆனால் மனுஷன் அசரவில்லை.

"விட மாட்டேன் கோரல். கடைசி விசில் ஊதறதுக்குள்ள இந்தத் தட்டு எனக்குப் படம் காட்டணும்."

"எல்லார் வீட்டுத் தட்டும் சோறு போடும். உங்க தட்டு ஒண்ணுதான் பட்டினி போடுது." சற்றுமுன் யாரிடமோ பேசிய போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கோரல் தேநீரை நீட்டினாள். "மரமே இல்லாம, நாலு பக்கமும் வானம் திறந்து, நல்ல மேடா ஒரு இடம் எனக்குத் தெரியும்..."

"சொல்லாதே."

"நான் சொல்லலையே."

ட்ரெவர் தேநீரைக் குடித்தார். மணியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு, தானே கண்டுபிடித்த மாதிரி, "நெவில் வீட்டு மேடு," என்றார். "ஆனா கேட்டுக்கு வெளியேதான் நிறுத்துவேன். ரோடு அரசாங்கத்தோடது."

"நீங்க சொன்னா சரிதான்," என்றாள் கோரல்.

சொன்னபடியே கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். டிஷ்ஷை வைத்தார்.

"வந்துச்சா?"

"வந்துருச்சுங்க! ஆனா பாதிதான்."

"பாதின்னா?"

"ஆட்டக்காரங்க இடுப்பு வரைக்கும் தெரியறாங்க. காலைக் காணோம்."

"கால் இல்லாம என்னடி ஃபுட்டி?"

"கொஞ்சம் உள்ளே தள்ளிப் பாருங்களேன்."

ட்ரெவர் கேட்டைத் திறந்து வண்டியைக் கொஞ்சம் உள்ளே விட்டார். இறங்கி டிஷ்ஷைத் திருப்பினார்.

"முழங்கால் வந்துருச்சு!"

இன்னும் கொஞ்சம் உள்ளே. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ஆட்டுக் கொட்டகையைத் தாண்டி.

"கணுக்கால்! இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... ஆங், நில்லுங்க! பூட்ஸ் தெரியுது! லேஸ் முடிச்சுகூடத் தெரியுதுங்க!"

ட்ரெவர் சந்தோஷத்தில் டிஷ்ஷைக் கட்டிக்கொண்டார். பிறகுதான் திரும்பிப் பார்த்தார். கேரவன் தம்பி வீட்டு வாசற்படியை இடிக்காத குறையாக நின்றது.

படியில் நெவில் நின்றிருந்தான். கையில் ஒரு தடி. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

"என்னடா இது? பாதி ஆளைக் காணோம்!"

"குளிர்காலத்துல நெஞ்சைத் திறந்து தச்சாங்க அண்ணே."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை?"

"எங்கே சொல்றது? உனக்கு என்ன, முகவரியா இருக்கு?"

ட்ரெவர் குனிந்தார். டிஷ்ஷின் திருகாணி ஒன்றை இறுக்கினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. "ஆட்டத்துக்குத்தான் வந்தேன்," என்றார் கடைசியில். "முடிஞ்சதும் கிளம்பிருவேன்."

"உள்ளே வா. என் டிவியில பார்க்கலாம்."

"என்கிட்டயே டிவி இருக்கு."

நெவில் தகர டப்பாவை ஏற இறங்கப் பார்த்தான். "அப்போ நான் வர்றேன்," என்று தடியை ஊன்றிக் கேரவன் படியேறினான். அண்ணன் கை நீட்டினார். தம்பி பிடித்துக்கொண்டான்.

உள்ளே மூன்று பேருக்கு இடம் போதாது. அண்ணனும் தம்பியும் முட்டி இடிக்க உட்கார்ந்து, ஒரே குரலில் நடுவரைத் திட்டினார்கள். கோரல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

"பார்த்தியா, நெவில்? என் டிஷ்!" என்றார் ட்ரெவர். "லேசுப்பட்ட வேலை இல்லை. நாள் கணக்கா போராடி, இடம் மாத்தி இடம் மாத்தி, பிடிச்சுக் கொண்டாந்தேன்."

"கெட்டிக்காரன்தான் அண்ணே நீ."

கடைசிக் கால் மணி நேரம். இரண்டு அணிக்கும் ஒரே கணக்கு. நெவில் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டான். சத்தம் போதவில்லை என்று ட்ரெவர் ரிமோட்டை எடுத்து, ஆட்டத்திலிருந்து கண்ணெடுக்காமல் ஒரு பட்டனை அமுக்கினார்.

திரை நீலமாகிவிட்டது. 'சிக்னல் இல்லை.'

ட்ரெவர் அலறிக்கொண்டு எழுந்தார். "டிஷ்ஷு! டிஷ்ஷு சாய்ஞ்சிருச்சு! கோரல், நீ இங்கேயே இருந்து பாரு, நான் போய்த் திருப்பறேன்!"

நெவில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

"டிஷ்ஷுக்கு ஒண்ணும் ஆகலை அண்ணே. அதே பட்டனை இன்னொரு தடவை அமுக்கு. பாராசில்னாவுலேருந்து அண்ணி அதைத்தான் அமுக்கிட்டு வர்றாங்க."