அரை நிமிடம் அசையாமல் நின்ற கொக்கு

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை. அதே காட்டில் அருவிப் படக் குழு என்று ஒன்றும் இருந்தது. கதை அவர்களைப் பற்றியது.

அருவியில் குளிப்பவர்கள் அல்ல அவர்கள். குளிப்பவர்களைக் கண்டாலே அவர்களுக்குப் பிடிக்காது. நல்ல படத்தின் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்களாம்.

குழுவின் தலைவர் கரடி சிங்காரம். காட்டிலேயே பெரிய கேமரா அவரிடம்தான் இருந்தது. ஆகவே தலைவர் பதவிக்குத் தேர்தல் எதுவும் நடக்கவில்லை. மழை விழுந்தால் மற்ற கரடிகள் குகைக்குள் போகும். இவர் டிரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருவார்.

அவருடன் எல்லாப் பயணத்துக்கும் வருபவர்கள் மூன்று பேர். முதலாமவர் கொக்கு தவசிமுத்து. அவரிடம் கேமரா கிடையாது. படத்தில் நிற்பதற்காக வருபவர் அவர். அருவி எவ்வளவு உயரம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஓர் உருவம் வேண்டும் என்பார் கரடி. ஒற்றைக் காலில் நிற்பதில் தவசிமுத்துவை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டாவது, முயல் செண்பகம். எடுத்த படத்தை எடுத்த கையோடு சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுவாள். முயலுக்குச் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, கீரி மரகதம். குழுவில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. திரை கீறிப்போன பழைய செல்போன்தான் அவளுடைய கேமரா. அவள் எடுக்கும் படங்கள் எல்லாமே கொஞ்சம் ஆடியிருக்கும். கீரியால் சும்மா நிற்க முடியாது. அது உடம்பு வாகு.

சாரல் தொடங்கியதும் பன்னீர்ப்பாறை அருவிக்குப் போவது என்று முடிவாயிற்று. விடிந்ததும் கிளம்பினார்கள். வழியில் ஒரு சோதனைச்சாவடி. அங்கே காட்டுப்பன்றிக் குடும்பம் ஒன்று சோப்பும் எண்ணெயும் துண்டுமாக வரிசையில் நின்றது. அவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு கரடி ஜன்னலுக்கு வந்தார். உள்ளே கருங்குரங்கு பொன்னம்பலம் உட்கார்ந்திருந்தார்.

"என்ன விஷயமா போறீங்க?"

"அருவியைப் படம் எடுக்க."

"குளிக்கவா?"

"படம் எடுக்கன்னு சொல்றேனே."

"குளிக்கன்னா சீட்டு இருக்கு. படம் எடுக்கன்னு சீட்டு அடிக்கல. குளிக்கன்னு போட்டுக்கறேன்."

"நாங்க குளிக்க மாட்டோம் சார்."

"அது உங்க பழக்கவழக்கம். எனக்கு எதுக்கு?" என்று நாலு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார் பொன்னம்பலம். "மேல மலையில மழை பிடிச்சிருக்கு. தண்ணி கலங்கலா வந்தா ஒரு நிமிஷம்கூட நிக்காம கரை ஏறிடணும், சொல்லிட்டேன்."

"கலங்கினா படத்துக்கே ஆகாது. நாங்களே ஏறிடுவோம்" என்றார் கரடி.

பன்னீர்ப்பாறையில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. கரடி ஒரு மேட்டில் டிரைபாடை ஊன்றி, கேமராவை ஏற்றி, லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியைத் திருகினார். மரகதம் சுற்றிச் சுற்றி வந்து வேடிக்கை பார்த்தாள்.

"ஏம்மா மரகதம், உன் படத்துல எல்லாம் தண்ணி சொட்டுச் சொட்டா தெரியுது. அதைப் பார்த்தா அருவி மாதிரியா இருக்கு? ஒழுகுற குழாய் மாதிரி இருக்கு" என்றார் கரடி. "இங்க பாரு. இந்தக் கண்ணாடியைப் போட்டு ஷட்டரை அரை நிமிஷம் திறந்து வெச்சா, தண்ணி பட்டுப் புடவை மாதிரி விழும்."

"அரை நிமிஷமா? அதுக்குள்ள குறுக்கே ஏதாவது போனா?"

"போறது, பறக்கிறது, குதிக்கிறது எதுவும் படத்துல வராது. நிக்கிறதுதான் வரும்."

"நான் ஓடினா?"

"நீ அங்க இருந்ததாவே இருக்காது" என்றார் கரடி. மரகதத்துக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்தாள்.

தவசிமுத்து பறந்துபோய் ஓடையின் நடுவிலிருந்த தட்டைப் பாறையில் இறங்கினார். ஒரு காலை மடக்கிக்கொண்டார். செண்பகம் அருவிக்கு இன்னும் பக்கத்தில், பாசி படிந்த ஒரு பாறையில் ஏறித் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு காது மடங்கித் தெரிந்ததால் மறுபடியும் எடுத்தாள்.

தண்ணீரைப் பார்த்தவள் மரகதம்தான். முதலில் சருகுகள் வந்தன. பிறகு சுள்ளிகள். வெள்ளை நுரைக்கு நடுவே ஒரு செம்மண் கோடு இறங்கியது.

"தலைவரே, தண்ணி கலங்கலா வருது!"

கரடி பார்த்தார். அவருக்கும் தெரிந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து மேகம் விலகி, காலை வெயில் அருவிமேல் விழுந்தது.

"கலங்கல்ல ஒரு தனி அழகு இருக்கும்மா. ஒரே ஒரு படம்" என்று பொத்தானை அழுத்தினார். "எல்லாரும் அப்படியே நில்லுங்க! யாரும் அசையக் கூடாது!"

ஷட்டர் திறந்தது. செண்பகம் வழுக்கி விழுந்தாள்.

வெள்ளம் அவளைப் புரட்டி எடுத்தது. ஒரு காது தெரிந்தது, ஒரு கால் தெரிந்தது, பிறகு எதுவும் தெரியவில்லை. மரகதம் யோசிக்கவில்லை. பாறைக்குப் பாறை தாவி ஓடினாள். ஓடிய வேகத்திலேயே தண்ணீரில் பாய்ந்தாள். முங்கி, தேடி, செண்பகத்தின் பிடரியைப் பல்லால் கவ்வினாள். மூக்கிலும் வாயிலும் சேறு. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அவளை இழுத்துவந்து, தட்டைப் பாறைமேல் தூக்கிப் போட்டாள். அத்தோடு மரகதத்தின் பிடி நழுவியது. வெள்ளம் அவளை இழுத்துக்கொண்டு போயிற்று.

செண்பகத்துக்குக் கண் தெரியவில்லை. கைக்கு அகப்பட்டதைக் கட்டிக்கொண்டாள். அது தவசிமுத்துவின் கால். பயத்தில் அவள் உடம்பு கல் மாதிரி விறைத்துவிட்டது.

தவசிமுத்துவுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. ஏதோ ஈரமாக வந்து காலைக் கட்டிக்கொண்டது. பறந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் தலைவர் அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். தவிரவும், நிற்பதைத் தவிர வேறு எதிலும் அவருக்குப் பயிற்சி இல்லை. நின்றார்.

ஷட்டர் மூடியது. உடனே கரடி தண்ணீருக்குள் இறங்கி ஓடிவந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஷட்டர் மூடிய பிறகு அவரைவிட நல்ல மனசு யாருக்கும் கிடையாது. செண்பகத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக் கரையில் கொண்டுவந்து விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மரகதமும் வந்து சேர்ந்தாள். கீழே ஒரு மரவேரைப் பிடித்து ஏறியிருக்கிறாள். காது கிழிந்திருந்தது. செல்போன் தண்ணீரோடு போய்விட்டது.

"அக்கா, நீ இல்லைன்னா நான் இல்லக்கா" என்று செண்பகம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மரகதத்துக்கும் அழுகை வந்தது. காது வலித்தாலும் அவ்வளவு சந்தோஷமாக அவள் என்றைக்குமே இருந்ததில்லை.

கரடி அதற்குள் கேமராவின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

செம்பட்டாக விழும் அருவி. நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு கொக்கு. அதன் காலடியில், பாதி உருவம் பாதி புகையாக, அடைக்கலம் தேடி ஒட்டிக்கொண்ட ஒரு முயல்.

"என் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு படம் எடுத்ததில்ல" என்றார் கரடி.

மரகதம் படத்தை மேலும் கீழும் தேடினாள். "நான் எங்க தலைவரே?"

"நீ நிக்கவே இல்லையேம்மா" என்றார் கரடி, வருத்தத்தோடுதான்.

செண்பகம், பாசிப் பாறையிலேயே தப்பிக் கிடந்த தன் போனை எடுத்து, வழக்கப்படி படத்தைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினாள். மதியத்துக்குள் காடு முழுவதும் பார்த்துவிட்டது. விபத்து என்றால் விசாரணை உண்டு. பொன்னம்பலம் சாவடியைப் பூட்டிவிட்டு வந்தார்.

"உன்னைக் காப்பாத்துனது யாரு?"

"மரகதம் அக்கா" என்றாள் செண்பகம்.

"படத்துல யாரு இருக்கா?"

"கொக்கு சார்."

"அப்ப கொக்குன்னு போட்டுக்கறேன்."

"இல்ல சார்! அக்காதான் என் பிடரியைக் கவ்வி இழுத்துது. இங்க பாருங்க, பல்லு பதிஞ்சிருக்கு."

பொன்னம்பலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பல் தடம் இருந்தது. கொக்குக்குப் பல் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரி. கொக்கு காப்பாத்தியிருக்கு. கீரி கடிச்சிருக்கு. அது தனிக் கேஸ்" என்றார்.

மரகதத்துக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. தவசிமுத்துவுக்கு வீரப் பதக்கமும் பொன்னாடையும் கொடுக்கப்பட்டன. ஆலமரத்தடியில் விழா. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தவசிமுத்து பொய் பேசத் தெரியாதவர். "நான் எதுவுமே செய்யலீங்க. சும்மா நின்னேன்" என்றார். என்ன அடக்கம் என்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு மான்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டன.

விழா முடிந்த மறுநாள் செண்பகம் ஒரு கட்டுக் கிழங்கோடு மரகதத்தின் வளைக்கு வந்தாள்.

"அக்கா, எனக்குத் தெரியும். நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா எங்க சொந்தக்காரங்க எல்லாரும் கொக்கு சாருக்கு நன்றி சொல்லி முடிச்சிட்டாங்க. இப்ப மாத்திச் சொன்னா எல்லாருக்கும் முதல்லேர்ந்து அனுப்பணும்க்கா."

"பரவாயில்ல, போ" என்றாள் மரகதம். கீரிகள் கிழங்கு தின்பதில்லை என்பதையும் அவள் சொல்லவில்லை.

பதக்கம் போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. வழியில் பார்ப்பவர்கள் எல்லோரும், "கடிக்கிறவங்களை எல்லாம் எதுக்குக் குழுவுல வெச்சிருக்காங்க?" என்று காதுபடப் பேசியதுதான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து மரகதம் நிற்கப் பழகினாள். வளை வாசலில் முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். முதலில் மீசை துடிக்கும், பிறகு வால். ஒவ்வொன்றாக அடக்கினாள். ஒருநாள் ஒரு நல்லபாம்பு அவள் மூக்குக்கு முன்னால் ஊர்ந்து போயிற்று. அவள் அசையவில்லை. போன பாம்பு திரும்பி வந்து, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனது.

அடுத்த சாரல் வந்தது. மறுபடியும் பன்னீர்ப்பாறை. இந்தத் தடவை தவசிமுத்து பதக்கத்தை மாட்டிக்கொண்டு பாதுகாப்பு அலுவலராக வந்தார். கரடியின் முகம்தான் நன்றாக இல்லை. அவருக்கும் ஒரு குறை இருந்தது. அத்தனை பேர் பார்த்த படம், கொக்கு யார், முயல் யார் என்றுதான் கேட்டார்கள். எடுத்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. படம் எடுத்தவன் படத்தில் இருப்பதில்லையே.

ஆகவே இந்த முறை தாமே படத்தில் நிற்பது என்று முடிவு செய்திருந்தார். டைமரை வைத்தார், கறுப்புக் கண்ணாடியைத் திருகினார், பொத்தானை அழுத்திவிட்டு, சீப்பால் மயிரை வாரிக்கொண்டே தட்டைப் பாறையை நோக்கி ஓடினார். பாறை வரை போகவில்லை. பாசி வழுக்கி, தடாலென்று தண்ணீரில் விழுந்தார். அதே நேரம் ஷட்டர் திறந்தது.

"ஐயோ, தலைவர்!" என்று கத்தினாள் செண்பகம். "கொக்கு சார்!"

பாதுகாப்பு அலுவலர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

"மரகதம் அக்கா!"

மரகதம் அம்பு மாதிரி பாய்ந்து பாறை விளிம்புக்கு வந்தாள். பக்கத்தில் ஒரு காய்ந்த மரக்கிளை கிடந்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் தண்ணீரில் விழும், கரடி பிடித்துக்கொள்வார். கிளையில் கை வைத்தாள். அப்போது கேமரா கண்ணில் பட்டது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படம் பதிவாகிக்கொண்டிருந்தது.

கையை எடுத்துவிட்டாள். விளிம்பில் மண்டியிட்டு, வலது முன்காலைத் தண்ணீரை நோக்கி நீட்டி, முகத்தில் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டு, நின்றாள். மீசை துடிக்கவில்லை.

"பிடி! பிடிம்மா!" என்று கரடி அவளுக்கு முன்னாலேயே புரண்டு போனார். அவள் நீட்டிய கைக்கும் அவர் நீட்டிய கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கொஞ்சம் சாய்ந்தால் எட்டும். சாய்வதும் அசைவுதானே.

கரடி உருண்டு, பாறைகளில் மோதி, கீழே மடுவில் போய் விழுந்து, தாமாகவே தட்டுத் தடுமாறிக் கரையேறினார். ஒரு கால் நொண்டியது. இரண்டு நகம் காணவில்லை. அவர் மேலே ஏறி வருவதைப் பார்த்து செண்பகம் நடுங்கினாள். மரகதத்தை இன்றைக்கு உயிரோடு விட மாட்டார் என்றே நினைத்தாள்.

கரடி யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கேமராவிடம் போனார். வெகுநேரம் பார்த்தார்.

பட்டாக விழும் அருவி. பின்னால் மங்கலாக ஒரு கொக்கு. முன்னால், விளிம்பில் மண்டியிட்டுக் கை நீட்டியிருக்கும் ஒரு கீரி. ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"தலைவரே, இதுல நீங்க எங்க?" என்றாள் செண்பகம்.

அது அவர் காதில் விழவில்லை. மரகதத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மீசைகூடத் தெரியுதும்மா" என்றார். "எவ்வளவு முன்னேறிட்டே!"

பொன்னம்பலம் விசாரணைக்கு வந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார்.

"விழுந்தது யாரு?"

"நான்தான்" என்று நொண்டிக்கொண்டே முன்னால் வந்தார் கரடி.

"படத்துல நீங்க இல்லையே. அப்ப யாரும் விழலன்னு போட்டுக்கறேன்" என்றார் பொன்னம்பலம். "காப்பாத்துனது கீரி."

அந்த ஆண்டு வீரப் பதக்கம் மரகதத்துக்குக் கிடைத்தது. பெயரை முன்மொழிந்தவர் கரடி சிங்காரம். ஊன்றுகோலோடு மேடையேறி, தம் கையாலேயே அவள் கழுத்தில் மாட்டினார். அப்போது இருவரும் அசையாமல் நின்றார்கள். படம் நன்றாக வந்தது.

நீதி: யாரையாவது காப்பாற்றுவதாக இருந்தால் அசையாமல் காப்பாற்றுங்கள். முடிந்தால், விழுகிறவரும் அசையாமல் விழுவது நல்லது.