குதிரைக்கு ஏறிய வயசு

"அழுக்குதாங்க விலையே. ஒரு தூசியைக்கூடத் தட்டிடாதீங்க. சாயங்காலம் வந்து மதிப்புப் போட்டுத் தர்றேன்," என்றார் மதிப்பீட்டாளர், போனில்.

மருமகள் போனை வைத்துவிட்டுச் சமையல் மேடையைப் பார்த்தாள். மாமனார் விட்டுப்போன பழங்கால வெண்கலக் குதிரை, காலையிலிருந்து அவள் தேய்த்த தேய்ப்பில், புதுக் குக்கர் போலப் பளபளத்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. பேயறைந்த முகம்.

பெரிய மனுஷர் வருகிறாரே, பொருள் சுத்தமாக இருக்கட்டும் என்று செய்த வேலை. கருத்துப் பச்சை பூத்திருந்த களிம்பெல்லாம் சாக்கடையில் போய்விட்டது.

குதிரையின் விலை கொழுந்தனின் பங்குக்கு ஈடானால், அவன் அதை எடுத்துக்கொண்டு வீட்டை அண்ணனுக்கு விட்டுவிடுவான். ஈடாகாவிட்டால் வீட்டை விற்றாக வேண்டும். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் கூட்டிப் பெருக்கிய வீடு. எந்தக் கதவு எந்த மாதத்தில் இறுகும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி.

"உன் கை சும்மாவே இருக்காதா?" என்று தலையில் அடித்துக்கொண்டான் கணவன்.

"கத்தாதீங்க. அத்தை காதுல விழப்போகுது."

கூடத்தில் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மருமகளைக் குறை சொல்ல மட்டுமே திறக்கும் வாய். பாராட்டாக ஒரு சொல், இத்தனை வருஷத்தில் உதிர்ந்ததில்லை.

"அங்க என்னடி சத்தம்?"

"ஒண்ணுமில்ல அத்தை!"

"ம்க்கும். இந்த வீட்டுல என்னை யாரு எதைக் கேட்டீங்க?"

பழைய கருப்பு திரும்பட்டும் என்று மருமகள் டீயைத் திக்காகக் காய்ச்சிக் குதிரைமேல் ஊற்றினாள். அது கோடுகோடாக வழிந்து காய்ந்தது.

"குதிரையைக் குடுத்தா வரிக்குதிரையாக்கிட்டியே," என்றான் கணவன்.

கோட்டை மறைக்க மெழுகுவர்த்திப் புகையைக் காட்டினாள். சூட்டில் வால் கழன்று டங்கென்று விழுந்தது. பசை தடவி அவசரமாக ஒட்டினாள். வால் மேல்நோக்கி ஒட்டிக்கொண்டு, லத்தி போடத் தயாரான குதிரையாகிவிட்டது.

"மண்ணுல புதைங்க. மண் பட்டா எல்லாம் மங்கும்."

மாடிப் பூந்தொட்டியில் புதைத்துத் தண்ணீர் விட்டார்கள். நிமிர்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் மதிப்பீட்டாளர், பக்கத்தில் கொழுந்தன்.

குதிரை மேஜைக்கு வந்தபோது அதன் காதில் ஒரு மண்புழு நெளிந்தது.

"பூமிக்கடியில கிடைச்சதா இது?" என்று கேட்டார் மதிப்பீட்டாளர்.

"ஆமாங்க," என்றான் கணவன். "இப்பதான்."

அவர் ஈரப் பஞ்சால் முதுகைத் துடைத்து முகர்ந்தார். "டீ." வயிற்றைத் துடைத்தார். "மெழுகுப் புகை." வாலைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது.

மருமகளுக்கு அழுகை முட்டியது. "நான்தாங்க தேச்சுட்டேன். பழசு மாதிரியே ஆக்கிடலாம்னு பார்த்தேன்..."

"போச்சும்மா. இனி இது பழைய பாத்திர விலைதான் போகும்," என்றார் அவர், வாலை மேஜைமேல் வைத்தபடி.

"அண்ணி! உங்க கையாலயே வீட்டைப் புதைச்சிட்டீங்களே!" என்று கத்தினான் கொழுந்தன். "அப்பா உசிராட்டம் வெச்சிருந்த பொருள்! நாளைக்கே வீட்டை வித்துடலாம்."

கணவன் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் சுவரில் சாய்ந்தாள். போன மாதம் அவளே வெள்ளையடித்த சுவர். தன்னால், தன் ஒருத்தியால் எல்லாம் போயிற்று.

டிவி நின்றது. மாமியார் மெல்ல எழுந்து வந்தார். குதிரையைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்து, முதல் முறையாக, வாய் நிறையச் சிரித்தார்.

"கடையில புதுசா வாங்கியாந்து, இதே டீ, இதே புகை, இதே தொட்டி மண்ணுன்னு இதைப் பழசாக்க உன் மாமனாருக்கு ஒரு மழைக்காலம் முழுசா ஆச்சு, நீ ஒரே பகல்ல முடிச்சுட்டே, கெட்டிக்காரிடி!"