ஊரின் குரல் என்று என் படத்தைப் போட்டது பற்றி

ஸ்ரீபெரும்புதூர்,
9-6-1991

வார இதழின் ஆசிரியர் அவர்களுக்கு, பூமா ஸ்ரீநிவாசராகவனின் நமஸ்காரம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் க்ஷேமமாக இருக்க எம்பெருமானாரைப் பிரார்த்திக்கிறேன்.

நான் படிப்பறிவற்ற மூதாட்டி அல்ல. கதறி அழவும் இல்லை. மெட்ராஸில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவள். மதர் சுப்பீரியர் பிரம்பை எடுத்தபோதே அழாதவள், மேல்பொத்தான் போடாத தங்கள் நிருபர் முன்னால் அழுவேனா? ஆனால் தங்கள் இதழின் பதினோராம் பக்கத்தில் என் படம். அதன் கீழே, “எங்கள் தெருவிலேயே புரியாத தமிழ் பேசுகிற ஒருவன் இருக்கிறான், பயமாக இருக்கிறது என்று கதறினார் படிப்பறிவற்ற மூதாட்டி. இது ஒருத்தியின் குரல் அல்ல, ஊரின் குரல்.” இந்த ஊருக்காகப் பேச எனக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. போட்டிருந்தாலும் தோற்றிருப்பேன், தெருவில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது.

போன மாதம் இங்கே தேர்தல் கூட்டத்துக்கு வந்த தலைவரையும், கூட இருந்த பலரையும் குண்டு கொன்றது தாங்கள் அறிந்ததே. சிலோன்காரர்கள் வேலை என்று பேச்சு. அதிலிருந்து எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருடைய பேச்சையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். என் மாடி அறையில் சாம்சன் என்பவர் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறார். ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் ஃபிட்டர். முப்பத்தொரு வயது. ஊர் மார்த்தாண்டம் பக்கம். அது கன்னியாகுமரி ஜில்லா, இந்தியாவில்தான் இருக்கிறது. இதை நான் எழுத வேண்டியிருப்பதே வெட்கம். தங்கள் இதழ் வந்த அன்று பூக்காரி பாப்பம்மாள் வாசலில் நின்று, “மாமி, உன் படம் போட்டுக்கீது! அப்ப மாடில கீறவன் சிலோன்காரனா?” என்று தெருவுக்கே கேட்கிறாற்போல் கேட்டாள். அவள் சிலோனைக் கேட்டதெல்லாம் ரேடியோவில்தான். அதிலும் சினிமாப் பாட்டு. இரண்டாம் நாள் போலீஸ் ஜீப் வந்தது. “பேரு சொல்லு” என்றார்கள். “எனக்கப் பேரு சாம்சன் சார், ஒண்ணும் பேடிக்காண்டாம், எல்லாம் சொல்லுதேன்” என்றார் அவர். பேடிக்காண்டாம் என்றால் அவர் ஊரில் பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், சாப்பிட்ட தட்டுகூடக் கழுவாமல் ஏறிப் போனார். இன்றோடு ஒன்பது நாள்.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, மூன்று பஸ் மாறிப் போனேன். வராந்தாவில் நாலு மணி நேரம். கடைசியில் ஒரு அதிகாரி தங்கள் இதழைப் பிரித்து என் முன்னால் வைத்தார். “இன்னாம்மா, நீங்களே சொல்லிக்கிறீங்களே?” என்றார். நான் சொல்லவில்லை என்றேன். “அச்சுல கீதேம்மா” என்றார். அச்சில் நான் படிப்பறிவில்லாதவள் என்றும் இருக்கிறது. இதோ உங்கள் அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் மூன்று பிழை, வாசித்துக் காட்டட்டுமா என்றேன். காட்டினேன். அதன்பின் என்னை உள்ளே விடவில்லை. அது என் தப்புதான்.

அங்கிருந்து நேரே வட்டச் செயலாளர் நடேசனிடம் போனேன். வருகிற சனிக்கிழமை ஒத்திவைத்த தேர்தல், வாசலெல்லாம் கொடிக்கம்பு. “மாமி, இப்ப போயி அவனுக்காவ வாயத் தொறந்தா ஓட்டு பூடும். எலெக்‌ஷன் முடியட்டும். எங்காளு ஊரோட குரலத்தான் பேசுவாரு” என்றார். ஊரோட குரல் நான்தான்னு அச்சிலேயே போட்டிருக்கே, அந்தக் குரல் சொல்கிறது, அந்த மனுஷரை விடச் சொல்லுங்கோ என்றேன். “அது பேப்பர்ல சொன்னா செல்லும் மாமி. நேர்ல சொன்னா செல்லாது” என்றார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. தலைவர் என்பவர் ஜனங்கள் சொல்வதைச் சொல்பவரா, ஜனங்கள் கேட்க மறுப்பதைச் சொல்பவரா என்று பள்ளியில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். இரண்டும் இல்லை, சனிக்கிழமை வரை ஒன்றும் சொல்லாதவர் என்று இப்போது தெரிகிறது. கம்பெனி சூப்பர்வைசர் நேற்று வந்து, இந்த வாரமும் ஷிஃப்டுக்கு வராவிட்டால் லைனில் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிப் போனார்.

ஆகவே நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று, அதே பதினோராம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், மறுப்பு வெளியிட வேண்டும். தங்கள் இதழ் நீடூழி நடக்கட்டும். நிருபருக்குப் பொத்தான் போடும் பழக்கம் வரட்டும்.

இப்படிக்கு,
பூமா ஸ்ரீநிவாசராகவன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் போட வேண்டாம். அதை எழுதி ஒட்டப் போகும்போது கை வரவில்லை. அழவில்லை என்பது நிஜம். ஆனால் அந்த வார்த்தைகளை நான் சொன்னேன். என்னவர் காலமாகிப் பதினாலு வருஷத்தில் ஊரைப் பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. தங்கள் நிருபர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். மாடியில் இருப்பவர் பேசுவது எனக்கே புரியாது என்றேன். நிருபர் பென்சிலை நிறுத்திவிட்டார். மறுபடி எழுதட்டும் என்று, பயமாக இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். பயமே இல்லை. சாம்சன் பேச்சு எனக்கு நன்றாகப் புரியும். போன ஐப்பசியில் எனக்கு ஜுரம் வந்தபோது ராத்திரி பகலாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர். இந்தப் பின்குறிப்பை மட்டும் என் பெயரோடு வெளியிடவும். ஒரு பிரதியை அந்த அதிகாரிக்கு நானே கொண்டு போகிறேன். வெளியிடுவீர்களா, எந்தத் தேதி இதழில் என்று எழுத்து மூலம் பதில் போடவும்.