சிறந்த கடவுச்சொல்லுக்கு முதல் பரிசு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, திருச்சி தென்னூர் ‘பூங்காவனம்’ அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம் ‘இணையப் பாதுகாப்புப் பெருவிழா’ எடுத்தது ஆகிய மூன்றும் ஒரே வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவை. முதல் இரண்டையும் யார் செய்தார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. மூன்றாவதைச் செய்தவர் சங்கத் தலைவர் ரெங்கராஜ்.

ரெங்கராஜ் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் தம் ஆற்றல் முழுவதையும் சங்கத்தின் ஃபேஸ்புக் குரூப்புக்கு அர்ப்பணித்தார். அவர் வீட்டில் ஒளிவுமறைவு கிடையாது. மனைவி ஆனந்தவள்ளியின் தைராய்டு ரிப்போர்ட்டை டாக்டருக்கு முன்பே குரூப் படித்தது. அவருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது, பச்சை அங்கியில், வாய் திறந்து மயங்கிக் கிடந்த கோலத்தைப் படம் பிடித்து, ‘பிரார்த்திக்கவும்’ என்று போட்டார். கும்பிடும் கைகள் குவிந்தன.

“அந்தப் போட்டோவ எடுத்துருங்களேன்” என்றார் ஆனந்தவள்ளி, மயக்கம் தெளிந்ததும்.

“எத்தனை பேரு கும்பிட்டிருக்காங்க பாரு வள்ளி. சாமிக்குக்கூட இவ்வளவு வராது.”

ஆனந்தவள்ளி தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமலே சம்பளம் வாங்கிப் பழகிவிட்டவர். அதனால் அவருக்கு இந்தப் பெருந்தன்மை புரியவில்லை.

இப்படியிருக்க, பக்கத்துத் தெருவில் ஒருவர் தம் வங்கி விவரங்களையெல்லாம் ‘மேனேஜர்’ என்று போனில் பேசியவனிடம் ஒப்பித்து ஏமாந்தார். ரெங்கராஜ் அன்றே அவசரக் கூட்டம் கூட்டினார்.

“வெறும் பேச்சு எடுபடாதுங்க. போட்டி வைக்கணும்.”

“என்ன போட்டி?” என்று கேட்டார் செயலாளர் கலீம்.

“கோலப் போட்டி வச்சோம், எல்லாரும் நல்லா கோலம் போட ஆரம்பிச்சாங்க. அதே மாதிரி பாஸ்வேர்டு போட்டி. யாரு பாஸ்வேர்டு ரொம்ப ரகசியமா இருக்கோ, அவங்களுக்குப் பரிசு.”

“அது ரகசியமா இருக்குன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?”

“படிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போவுது!”

இந்த வாதத்தைக் கலீம் அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்று வீட்டில் ஆனந்தவள்ளி, “நானும் கலந்துக்கலாமாங்க?” என்று கேட்டபோது ரெங்கராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. தம் பணியில் அவர் அக்கறை காட்டியது அதுவே முதல் முறை.

விழா ஞாயிறு மாலை, மொட்டை மாடியில். நுழைவாயிலில் ‘ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்!’ என்று பெரிய பேனர். அதன் நிழலில் மேசை போட்டு, வருவோரின் செல்போன் எண்ணை ஓர் இலவச ஆப்பில் பதிந்துகொண்டிருந்தார் கலீம்.

“ஓடிபி வந்துச்சா தமிழ்மணி? சொல்லுங்க. சொன்னாத்தான் சுண்டல் டோக்கன்.”

முதல் மாடித் தமிழ்மணி அண்ணாந்து பார்த்தார். “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மேல எழுதியிருக்கே?”

“அது வெளியாளுக்குங்க. நான் செகரட்டரி.”

தமிழ்மணி சொன்னார். விழிப்புணர்வோடு கேள்வி கேட்டதற்காக அவருக்கு இரண்டு டோக்கன் வழங்கப்பட்டது.

சிறப்பு விருந்தினரும் நடுவரும் ஒருவரே: ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த சடகோபன். கணிதப் பேராசிரியராக இருந்தவர்; இப்போது ஃபேஸ்புக்கில் தினம் ஒரு பாசுரத்துக்கு விளக்கம் எழுதுபவர்.

“தகவல்ங்கறது ஆத்மா மாதிரி. அதை ரக்ஷிக்கறது நம்ம தர்மம். அடியேனோட பாஸ்வேர்டு அடியேன் ஆத்துக்காரிக்கே தெரியாதுன்னா பாத்துக்கோங்கோ!”

கூட்டம் மெய்சிலிர்த்தது. ரெங்கராஜ் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “ஐயா, மக்களுக்கு ஒரு முன்மாதிரியா அதைக் கொஞ்சம் சொன்னீங்கன்னா...”

“பேஷா! பிறந்த நக்ஷத்திரம், பிறந்த வருஷம், கடைசில ஒரு ஆச்சரியக்குறி. ‘திருவோணம்1951!’”

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

அடுத்து முடிவுகள். வெள்ளைப் பலகையில் போட்டியாளர்களின் பெயர், வீட்டு எண், செல்போன் எண், கடவுச்சொல் எல்லாம் வெளிப்படைத்தன்மை கருதிப் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. தலைவருடையதும் சற்றுமுன் நடுவர் சொன்னதும் போட்டிக்கு அப்பாற்பட்டவையாகையால் மேலே தனியாக, சிவப்பு மையில் இருந்தன. மகள் பெயரோடு பைக் நம்பரைச் சேர்த்த தமிழ்மணிக்கு இரண்டாம் பரிசு.

“முதல் பரிசுக்குரியதைப் பாருங்கோ” என்று பரவசப்பட்டார் சடகோபன். “இங்கிலீஷ் எழுத்துல பெரிசும் இருக்கு, சின்னதும் இருக்கு. நடுநடுவே கீழ்க்கோடு. முடிவுல ஒரு எண். ஒரு லக்ஷணமும் குறையலை! எழுதினவர் ஸ்ரீமதி ஆனந்தவள்ளி ரெங்கராஜ்.”

ரெங்கராஜின் மார்பு விம்மியது. தாமே படிப்பதாகச் சொல்லிப் பலகையின் அருகே போனார். மைக்கில் எழுத்துக் கூட்டிக் கணீரென்று படித்தார்.

“என்... விஷயத்த... குரூப்புல... போடாதீங்க... ஒண்ணு!”

பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த கைதட்டல் கீழே சாலையில் போன பஸ்களையே திரும்பிப் பார்க்க வைத்தது. ரெங்கராஜ் தம் வாசிப்புக்கு இவ்வளவு மதிப்பா என்று கூசிப்போய்க் கைகூப்பினார்.

“அந்த ‘ஒண்ணு’ எதுக்கும்மா?” என்று கேட்டார் நடுவர்.

“முதல் எச்சரிக்கைங்க” என்றார் ஆனந்தவள்ளி.

“ஆஹா!” என்றார் சடகோபன். ரெங்கராஜும் “ஆஹா!” என்றார். மனைவிக்குப் பொன்னாடை போர்த்தி, பலகை முழுவதும் தெரியும்படி படம் எடுத்து, ‘அனைவரும் பார்த்துப் பயன்பெறுக’ என்று குரூப்பில் போட்டார். அந்தக் குரூப்பில் பாதிப் பேர் யார், எந்த ஊர் என்று யாருக்குமே தெரியாது.

பார்த்தவர்கள் பயன்பெற்றார்கள்.

மறுநாள் காலை சடகோபனின் பக்கத்தில் பாசுரம் வரவில்லை. ‘படுத்துக்கொண்டே தொப்பையைக் கரைக்கலாம்’ என்ற விளம்பரம் வந்தது. அதற்கும் அன்பர்கள் வழக்கம்போல் ‘தன்யோஸ்மி’ என்று எழுதியிருந்தார்கள். தமிழ்மணியின் கணக்கு குளிர்கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தது.

ரெங்கராஜ் வீட்டுக் கதவை யாரோ உடைப்பதுபோல் தட்டினார்கள். ஆனந்தவள்ளி கையில் தோசை மாவோடு போய்த் திறந்தார். மண்ணச்சநல்லூரிலிருந்து நாத்தனார் இருளாயி, தலைவிரி கோலமாக நின்றார்.

“ஐயோ அண்ணி! உசுரோடயா இருக்கீங்க?”

“ஏன், இருக்கக் கூடாதா? உள்ள வாங்க, தோசை ஊத்துறேன்.”

இருளாயி அழுதுகொண்டே போனை நீட்டினார். ரெங்கராஜின் கணக்கிலிருந்து ஒரு பதிவு. பச்சை அங்கி, திறந்த வாய், அதே படம். ‘என் மனைவி கவலைக்கிடம். மருத்துவத்துக்கு உடனே உதவுங்கள்’ என்று கீழே ஒரு வங்கி எண். இருளாயி மகளிர் குழுவில் கடன் வாங்கி வைத்திருந்த பணத்தை விடியற்காலையிலேயே அனுப்பிவிட்டாராம்.

ரெங்கராஜ் பதறிப் போனை எடுத்தார். அந்தப் படத்தை நீக்கப் பார்த்தார். கடவுச்சொல் தவறு என்றது போன். மறுபடி அடித்தார். தவறு. தம் வீட்டுப் பெண்பிள்ளையின் படத்தை எடுக்கத் தமக்கே அனுமதி இல்லை என்று ஒரு இயந்திரம் சொல்வதைக் கேட்டபோதுதான், வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு அந்தப் படம் அசிங்கமாகத் தெரிந்தது. ஆனந்தவள்ளியைத் திரும்பிப் பார்க்கக் கூசியது.

சைபர் குற்றப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டர் அமலராணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முதலில் இருளாயி அனுப்பிய தொகையை நிறுத்தி வைக்க ஏற்பாடு செய்தார். பணம் கைமாறுவதற்குள் நின்றுவிட்டதென்று வங்கியிலிருந்து தகவல் வந்ததும் இருளாயிக்கு மூச்சு வந்தது. அதன் பிறகு அமலராணி பேனாவைக் கீழே வைத்தார்.

“திருட்டுன்னு எழுதக் கையே வரலீங்க சார். நீங்க மேடை போட்டு, மைக் வச்சு, சுண்டலும் குடுத்து ஒப்படைச்சிருக்கீங்க. சரி, போட்டியில கலந்துக்கிட்ட எல்லாருக்கும் கணக்கு போயிருக்கு. முதல் பரிசு வாங்கின உங்களுக்கு மட்டும் எப்படிம்மா போகல?”

“அது பாஸ்வேர்டே இல்லீங்க மேடம்” என்றார் ஆனந்தவள்ளி. “பாஸ்வேர்ட எவளாவது மேடையில சொல்லுவாளா? இவருகிட்டச் சொல்ல வேண்டியத எழுதிக் குடுத்தேன்.”

ரெங்கராஜ் மனைவி பக்கம் திரும்பினார். “என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே வள்ளி.”

“ஆப்பரேஷன் ஆன நாள்லேர்ந்து நேராத்தாங்க சொல்றேன். உங்களுக்கே கேக்கட்டும்னுதான் மைக்குல உங்க வாயாலயே படிக்க வச்சேன். அதுக்கும் கும்பிடு போட்டுட்டு உக்காந்துட்டீங்க.”

அமலராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு புகார் மனுவை முன்னால் இழுத்தார். புகார் கொடுப்பவர் என்ற இடத்தில் ‘ரெங்கராஜ், தென்னூர்’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

“உங்க விவரத்தையெல்லாம் வெளியில விட்டது யாருன்னு யார்மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?”

“சந்தேகமெல்லாம் இல்லீங்க மேடம்” என்றார் ஆனந்தவள்ளி. “ரெண்டு இடத்துலயும் அவர் பேரையே போட்டுக்குங்க.”