குமிழ்க்காரரும் கத்தரிக்கோலும்

குமிழ்க்காரரை அவர் பெண்டாட்டி கத்தரிக்கோலால் குத்திவிட்டாள் என்று எங்கள் தெருவில் ஒரே பேச்சு. பார்த்தவர் எதிர்க்கடைத் தையல்காரர். வியாழக்கிழமை காலை அந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாராம். பின்னால் அந்தம்மா கத்தரிக்கோலும் கையுமாக நின்றாராம். மத்தியானத்துக்குள் ஒரு குத்து மூன்றாகி, தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் கட்டும் போட்டாகிவிட்டது. நான் வம்பு பேசுகிறவன் இல்லை. கேட்பதோடு சரி. கேட்டதில் நிஜம் எது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் குமிழ்க்காரர் எந்த இனம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனிதர்களில் 'இது ஒண்ணு மட்டும் கிடைச்சாப் போதும்' என்று ஓர் இனம் உண்டு. ஆராய்ச்சிக்கூடங்களும் தொழிற்சாலைகளும் கழித்துப் போட்ட பழைய மின் சோதனைக் கருவிகளைத் தேடிப் பிடித்து, தோளில் சுமந்து வந்து, தூசி தட்டி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து உயிர் கொடுப்பது இவர்கள் பொழுதுபோக்கு. கருவி எதற்கு? இன்னொரு கருவி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க. அந்த இன்னொரு கருவி எதற்கு? இதைப் பார்க்க. மேலே கேட்காதீர்கள், விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சாயங்காலம் ஆகிவிடும்.

நம்மவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆசிலோஸ்கோப் வாங்கினார். மின்சாரத்தின் துடிப்பைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டுகிற பெட்டி அது. தலையில் தொப்பி மாதிரி ஒரு ரெக்ஸின் பை. எல்லாம் இருந்தது. திருகுகிற குமிழ் ஒன்றும், சோதிக்க வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்க்கிற வயரான ப்ரோப்பும் மட்டும் இல்லை. அந்த வயர் இல்லாத ஆசிலோஸ்கோப், காது கேட்காத டாக்டர் மாதிரி.

குமிழுக்காக அதே மாடலில் இரண்டாவது பெட்டியை வாங்கினார். வந்து இறங்கியதும் பார்த்தால், அது முதலாவதைவிடப் பளபளப்பு! அதிலிருந்து குமிழைப் பிடுங்க மனசு வருமா? அதற்கும் ப்ரோப் இல்லை, பின்பக்க மூடியும் இல்லை. மூடிக்காக மூன்றாவது வந்தது, அதுவும் ப்ரோப் இல்லாமல். உறுப்பு தானம் செய்ய வந்தவரையெல்லாம் பக்கத்துக் கட்டிலில் நோயாளியாகப் படுக்க வைத்துவிட்டார் மனிதர். அறை நிறைந்தது. தெரு அவருக்குக் குமிழ்க்காரர் என்று பெயர் வைத்தது.

"ப்ரோப் புதுசா கடையில கிடைக்காதாங்க?" என்று அந்தம்மா ஒருநாள் கேட்டுவிட்டார்.

"கிடைக்கும். ஆனா அது கறுப்பு. இதுக்குச் சாம்பல் நிறம்தான் வந்துச்சு."

"சரி, அந்தப் பைக்குள்ள ஏதோ கட்டியா தட்டுப்படுதே, பார்த்தீங்களா?"

"பை வடிவம் கெடாம இருக்கக் காகிதம் திணிச்சிருப்பாங்க. ஜிப்புல இழுக்குற நாக்கு உடைஞ்சிருக்கு. பலவந்தமா இழுத்தா பல்லு போயிடும். வெளிநாட்டுல ஒரு தாத்தாகிட்ட அதே நாக்கு இருக்கு. எழுதியிருக்கேன்."

தாத்தாவின் பதிலுக்காக இரண்டு வருஷம் பை திறக்கவில்லை. இப்படித்தான் போய்க்கொண்டிருந்திருக்கும், மகளுக்குக் குழந்தை பிறக்காமல் இருந்திருந்தால்.

"வெள்ளிக்கிழமை பொண்ணு பச்சக் குழந்தையோட வரா. அவளுக்கு அந்த ரூம் வேணும்," என்றார் அந்தம்மா. "வியாழக்கிழமை பழைய சாமான்காரரை வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள எது ஓடுதோ அது பீரோ மேல இருக்கட்டும். ஓடாதது வண்டியில."

"ப்ரோப் ஒண்ணு மட்டும் கிடைச்சாப் போதும்மா..."

"வியாழக்கிழமைங்க."

மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்த கடைக்கெல்லாம் போன் போட்டார். ஒரு கடைக்காரர் கறுப்பு ப்ரோப்பை வீட்டுக்கே கொண்டுவந்து சும்மாவே தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்! உயிர் போகிற நேரத்திலும் கொள்கை.

வியாழக்கிழமை வந்தது. சாமான்காரரும் வந்தார். முதல் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இரும்பு தனி, ரெக்ஸின் தனிம்மா. பையை எடுத்துடுங்க," என்றார்.

குமிழ்க்காரர் "ஜிப்பு! ஜிப்பு!" என்று ஓடி வருவதற்குள் அந்தம்மா கத்தரிக்கோலை எடுத்துச் சர்ரென்று ஒரு கிழி. பொத்தென்று கீழே விழுந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத, சுருண்டு படுத்திருந்த சாம்பல் நிற ப்ரோப்.

"இதுவாங்க நீங்க தேடினது?"

உறையைப் பிரித்து மாட்டி, ஸ்விட்சைப் போட்டு, நுனியை விரலால் தொட்டார். செத்த பாம்பு மாதிரி மூன்று வருஷமாக நேரே கிடந்த பச்சைக் கோடு எழுந்து நெளிந்தது. "ஓடுதும்மா!" என்று சாமான்காரரே கை தட்டினார். பேசிய பேச்சுப்படி முதல் பெட்டி பீரோ மேல் ஏறியது. மற்ற இரண்டும் வண்டி ஏறின. ஏறுமுன் அந்தம்மா இரண்டாவதிலிருந்து குமிழை ஒரே இழுப்பில் உருவி முதலாவதில் அழுத்திவிட்டார். மூன்று வருஷ வேலை, கால் நிமிஷம்.

குமிழ்க்காரர் சந்தோஷத்தில் குதித்தாரா? பெண்டாட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டாரா? குனிந்து பையை எடுத்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார். தையல்காரர் பார்த்தது இதைத்தான்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் மூடியில்லாத பிளாஸ்க் ஒன்று இருக்கிறதே, அதற்கு மூடி எந்த ஊரிலிருந்து வருகிறது? எந்தப் போனிலும் நுழையாத சார்ஜர்கள் டிராயரில் எத்தனை? 'அதுக்கேத்த போன் கிடைக்கும்' என்று நேற்றுத்தானே சொன்னீர்கள்? வீட்டில் கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வையுங்கள்.

நான் வம்புக்காக இல்லை, அக்கறையில்தான், சாயங்காலம் அவரிடம் போனேன். "அண்ணே, அண்ணி உங்களைக் கத்தரிக்கோலால குத்திட்டாங்கன்னு தெருவே பேசுது."

மடியில் கிடந்த பையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"எந்த முட்டாப்பய சொன்னான்? என்னைக் குத்தியிருந்தா ரெண்டு தையல்ல சரியாப் போயிருக்கும். பையைக் கிழிச்சிட்டாய்யா. ஒரிஜினல் பை!"