முதல் நடை

இந்தப் போகம் அறுவடை வண்டி முதலில் தன் வயலில்தான் இறங்க வேண்டும் என்று தாமோதரன் முடிவு செய்துவிட்டார்.

வண்டி அவருடையது. ஆனால் திருப்புலிவனத்தில் ஊர் நெல்லெல்லாம் களம் சேர்ந்த பிறகுதான் அவர் நெல் அறுபடும். போன போகத்தில் மழை முந்திக்கொண்டது. கதிர் சாய்ந்து, வயலிலேயே முளை விட்டது. முதல் நடை மட்டும் வருஷம் தவறாமல் காவாந்தண்டலத்துக்குப் போகும். அங்கே இருப்பது மனைவி பாஞ்சாலியின் தம்பி சின்னப்பையனின் வயல். வாடகைக்குக் கேட்டு வரும் போனை எடுப்பவள் பாஞ்சாலி. வண்டி யாருக்கு, எப்போது என்பது அவள் வாக்கு.

வாயால் அவளை ஜெயித்த ஆள் தாலுகாவிலேயே கிடையாது. ஆகவே எழுத்தால் ஜெயிப்பது என்று தாமோதரன் தீர்மானித்தார். விதிகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்த உத்திரமேரூர் பக்கத்திலேயே இருக்கிறது. காகிதத்தில் எழுத முடியாதா?

உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சாம்சனைப் பிடித்தார். வண்டியைப் பதிவு செய்ய ஒரு ஆப். பதிந்த வரிசையில் வண்டி போகும். சாம்சன் அதற்கான ஒப்பந்தம் எழுத லேப்டாப்போடு வீட்டுக்கே வந்தான்.

"ணா, வரிசைய மாத்துற அதிகாரம் யாருக்குன்னு மொதல்லயே எழுதிடணும். இல்லன்னா பின்னால பேஜாரு."

"வண்டி ஓனருக்கு மட்டும். எழுது."

பாஞ்சாலி தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள்.

"ஏன்யா, ஒரே ஆள் கைல குடுக்கணுமா? வூட்ல ரெண்டு பேர் கீறோமே."

அவள் முகம் வாடியிருந்தது. கல்யாணம் ஆன நாளாக அவர் பார்த்திராத வாட்டம். தாமோதரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடும்பத்துல யார் சொன்னாலும் வரிசைய மாத்தக் கூடாது. எழுது."

"அய்யய்யோ, புருஷன் பொண்டாட்டி கூடவா?"

"கூடத்தான்! கொட்டை எழுத்துல போடு."

"நாளைக்கு மனசு மாறினா இன்னாயா பண்ணுவ? ரத்து பண்ணவாவது வழி வையேன்."

"ரத்தும் கெடையாது!"

பாஞ்சாலி பெருமூச்சு விட்டாள். தாமோதரனுக்கு நெல் முழுக்க வீடு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

"ஓனர் பேர் வண்டியோட ஆர்.சி. புக்ல கீற மாதிரியே போடணும் ணா" என்றான் சாம்சன்.

பாஞ்சாலியே உள்ளே போய் ஆர்.சி.யை எடுத்துவந்து நீட்டினாள். தாமோதரன் அடுத்த ஷரத்தை யோசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அச்சடித்து வந்தபோது சாம்சன் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார்.

"அக்காவும் போடணும் ணா."

"போடட்டும். அப்பதான் நாளைக்கி வாயத் தொறக்க மாட்டா."

அறுவடை வந்தது. ஆப் திறந்த நொடியில் தாமோதரன் முதல் ஆளாகப் பதிந்தார். காலையில் வானம் மூட்டம் போட்டிருந்தது. வரப்பில் நின்று காத்திருந்தார். வண்டி வந்தது. அவரைத் தாண்டி, அவர் வயலைத் தாண்டி, காவாந்தண்டலம் சாலையில் திரும்பியது.

போனை எடுத்தார்.

"டேய் சாம்சன், நான்தானடா மொதல்ல பதிஞ்சேன்?"

"ஆமா ணா. ஓனர் மாத்திட்டாங்க."

"ஓனரு நான்டா!"

"ஆர்.சி.ல அக்கா பேர்தான ணா கீது? பொம்பளைங்க பேர்ல எடுத்தா மானியம் சாஸ்தின்னு நீங்கதான அவங்க பேர்ல வாங்கினீங்க. ஒப்பந்தத்துல நீங்க சாட்சி."

தாமோதரன் வரப்பில் உட்கார்ந்தார்.

"சரி, நான் சொல்றேன். மாத்து."

"குடும்பத்துல யார் சொன்னாலும் மாத்தக் கூடாது ணா. கொட்டை எழுத்துல கீது."

"அப்ப ஒப்பந்தத்தையே ரத்து பண்ணுடா!"

"ரத்தும் கெடையாதுன்னு அதுக்குக் கீழயே கீது ணா."

"நான் இன்னாதான்டா பண்றது?"

"ஆப்புல புகார்னு ஒரு பட்டன் கீது ணா. அத்த அமுக்குங்க."

தாமோதரன் விடுகிற ஆள் இல்லை. வேகமாக வீட்டுக்கு நடந்தார். வாசலிலேயே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, நீளமாக ஒரு புகார் எழுதி அனுப்பினார்.

சமையல்கட்டில் ஒரு போன் சிணுங்கியது.

"புகார் வந்துகீதுயா" என்றாள் பாஞ்சாலி உள்ளிருந்து. "பரிசீலனைல கீது. நாஷ்டாவத் துன்னுட்டு வரிசைல நில்லு."